கரியவன் மேனியில் ஒளி: இந்திய உருவச் சித்திரத்தில் மினுக்கம் ஏற்றிய வரலாறு

கணினித் திரையில் வண்ணம் பெறும் ஒரு கண்ணன் உருவத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் கோட்டோவியம் வரையப்படுகிறது. அதன் கீழே தனித்தனி லேயர்களில் மேனி, ஆடை, அணிகலன், மயிற்பீலி என ஒவ்வொன்றுக்கும் தட்டை வண்ணம் நிரப்பப்படுகிறது. பின்னர் ‘மல்டிப்ளை’ முறையில் நிழல் இடப்படுகிறது. எல்லாம் முடிந்தபின் மேலே ஒரு புதிய லேயர் திறக்கப்படுகிறது. அதில் ஒளி மட்டுமே தீட்டப்படும். மூக்குத்தண்டில் ஒரு கீற்று, கீழுதட்டில் ஒரு புள்ளி, தோள் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு, கிரீடத்துப் பொன்னில் சில பொறிகள், விழிகளில் இரு வெண்புள்ளிகள். சிற்பியர் கண்திறப்பை இறுதிக்கு வைப்பதுபோல வண்ணக்கலைஞர்கள் இந்த லேயரை இறுதிக்கு வைக்கின்றனர்.

பயிற்சி வகுப்புகளில் இக்கட்டம் ஒரு செய்முறையாகவே கற்பிக்கப்படுகிறது. எந்த லேயர், எந்தக் கலப்பு முறை, எவ்வளவு அடர்த்தி என்பதோடு பாடம் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த லேயரைத் திறக்கும் கலைஞர் மூன்று வினாக்களுக்கு அறிந்தோ அறியாமலோ விடை சொல்லியாக வேண்டும். ஒளி எங்கிருந்து வருகிறது? எந்த மேனியில் எவ்வளவு தங்குகிறது? தங்கும்போது அம்மேனியின் நிறத்தை என்ன செய்கிறது? இந்தியக் கலை வெவ்வேறு காலங்களில் இவற்றுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, ஒளியேற்றும் முறையின் வரலாறு கருமேனி எவ்வாறு வரையப்பட்டது என்பதன் வரலாறாகவும் விரிகிறது.

1. விளக்கில்லாத வெளிச்சம்

அஜந்தாவின் முதலாம் குகையில் தாமரை ஏந்தி நிற்கும் பத்மபாணியின் முகத்தில் வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து விழுகிறது என்று தேடினால் விடை கிடைக்காது. மூக்குத்தண்டு, கீழுதடு, மோவாய் முதலிய எழுந்து நிற்கும் பகுதிகள் வெளிறியும், உள்வாங்கிய பகுதிகள் கறுத்தும் காணப்படுகின்றன. இவ்வேறுபாட்டுக்குச் சாளரமோ விளக்கோ காரணம் அன்று; உடலின் மேடுபள்ளமே காரணம். உருவங்களின் காலடியில் தரையில் விழும் நிழலும் அங்கு இல்லை.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் இடம்பெறும் சித்திரசூத்திரம் இம்முறையை ‘வர்த்தனா’ என்ற சொல்லால் குறிக்கிறது. இலை நரம்புபோன்ற கோடுகளால் அமைவது, மிக நுண்ணிய தீட்டலால் அமைவது, புள்ளிகளால் அமைவது என மூவகை வர்த்தனாக்களை அந்நூல் கூறுகிறது. 1920-களில் ஸ்டெல்லா கிராம்ரிஷ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே இக்கலைச்சொற்கள் நவீன ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தன. அஜந்தா உருவங்களின் மேடுபள்ளத் தோற்றம் ஒளி–நிழல் விளைவன்று, புடைப்புத் தோற்றத்துக்கான உத்தி என்பது ஆனந்த குமாரசுவாமி போன்றோர் வலியுறுத்திய கருத்தாகும்.

இம்முறையின் ஒரு விளைவு பெரிதும் பேசப்படுவதில்லை. வெளிச்சம் வெளியிலிருந்து வராதபோது, எம்மேனிக்கும் அதில் முன்னுரிமை இல்லை. பத்மபாணி நிற்கும் அதே காட்சியில் அணிகலன் பூண்ட கருமேனிப் பெண்ணொருத்தி நிற்கிறாள். ‘கருப்பு இளவரசி’ என்று பயணநூல்கள் அவளை அழைக்கின்றன. வெளிறிய மேனியரும் பழுப்பு மேனியரும் கரிய மேனியரும் ஒரே அவையில் அமர்ந்திருப்பதை அஜந்தாச் சுவர்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. கருமையையும் பேரழகையும் ஒரே முகத்தில் தீட்டுவதில் அவ்வோவியருக்கு எந்த இடர்ப்பாடும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சுவர்களின் பிற்கால வரலாறு ஒளியேற்றுவோர் அறிய வேண்டிய ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஓவியங்களைப் படியெடுக்க வந்தவர்கள் நிறங்கள் துலங்கித் தெரிவதற்காகச் சுவரின் மீது வார்னிஷ் பூசினர். 1920-களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலியப் பாதுகாப்பு வல்லுநர்களும் ஷெல்லாக் பூச்சைப் பயன்படுத்தினர். பூசிய நாளில் பளபளத்த அப்படலம் ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பேறி, காக்க வந்த வண்ணங்களையே மூடியது. அதை அகற்றும் பணி இந்தியத் தொல்லியல் துறைக்கு நெடுங்கால வேலையாயிற்று. மேலே ஏற்றப்படும் மினுக்கம் கீழே உள்ள நிறத்தை விழுங்கிவிடக்கூடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

2. பொருளே ஒளியாக

முகலாயர் காலத்துச் சிற்றோவியங்களில் வேறொரு விடை பிறந்தது. தாளின் பின்புறத்தை அகேட் கல்லால் தேய்த்து வண்ணப்பரப்பைப் பளிங்குபோலாக்கினர். பொன்பூச்சின் மீது ஊசிமுனையால் நுண்குழிகள் இட்டு, தாளை அசைக்கும்போது பொன் மின்னும்படி செய்தனர். ஐரோப்பிய அச்சுப்படங்களின் வழி அரசவைக்கு வந்த ஒளிவட்டம் ஜஹாங்கீரின் தலைக்குப் பின்னே இடம்பிடித்தது. பிசித்ர் வரைந்த புகழ்பெற்ற மணற்கடிகை ஓவியத்தில் ஞாயிறும் திங்களும் இணைந்த பெருவட்டமாகவே அது விரிகிறது. மலைநாட்டின் பசோலியில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்ட ஓவியங்களில் மரகதக் கற்களைக் காட்டப் பொன்வண்டின் சிறகுத் துண்டுகளை வெட்டி ஒட்டினர். பச்சை வண்ணம் தர முடியாத மினுமினுப்பை அச்சிறகு தந்தது.

தஞ்சாவூர் ஓவியம் இவ்வழியின் உச்சம் எனலாம். பலகையின் மீது துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பிசினும் கலந்த குழம்பால் மேடெழுப்பி, கற்கள் பதித்து, பொன்ரேக்கு ஒட்டி, அதன்பின்னரே வண்ணம் தீட்டுவர். பூசையறையின் எண்ணெய் விளக்கு அசையும்போது ரேக்கும் அசைவதுபோலத் தோன்றும். இங்கு ஹைலைட் என்பது வரையப்படுவதில்லை. பார்ப்பவர் இருக்கும் அறையின் ஒளியே ஓவியத்தின் ஒளியாகிறது.

இம்மரபில் மின்னுவது அணிகலனும் மண்டபமும் ஆடையும். மேனி பெரும்பாலும் மினுக்கமற்ற தட்டைப்பரப்பாகவே நிற்கும். அத்துடன் ஒரு முரணும் உண்டு. பெயரிலேயே கருமையைச் சுமந்த கண்ணன், கார்முகில்வண்ணன் எனத் தமிழ் போற்றிய கண்ணன், பல தஞ்சாவூர் ஓவியங்களில் வெண்ணெய்க் குடத்தோடு வெளிர்மேனியனாக அமர்ந்திருக்கிறான். பொன்னுக்கு நடுவே எடுப்பாகத் தெரிய வெளிர்நிறம் உதவியது என்பது ஒருபுறம். ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே மேனிநிறம் பற்றிய விருப்பங்கள் இங்கு மாறத் தொடங்கியிருந்தன என்பதற்கும் அது அறிகுறியாகலாம். குற்றம் முழுவதையும் காலனியத்தின் மீது ஏற்றுவது ஆய்வுக்கு வசதியாக இருக்குமேயன்றி நேர்மையாக இராது.

3. ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம்

கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவி வர்மாவின் தைலவண்ண ஓவியங்களில் முதல் வினாவுக்கான விடை தெளிவாக மாறியது. அங்கே வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருகிறது. முகத்தின் ஒரு கன்னம் துலங்க மறுகன்னம் மங்குகிறது; பட்டுச்சேலையின் மடிப்பு முகடுகளில் ஒளி தங்குகிறது; முத்துமாலையின் ஒவ்வொரு மணியிலும் ஒரே பக்கத்தில் வெண்புள்ளி விழுகிறது. தைலவண்ணத்தை ஒளி ஊடுருவும் மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசலாம். இன்றைய லேயர்களுக்கு ஒரு மூதாதையைச் சுட்ட வேண்டுமாயின் அந்தப் படலங்களையே சுட்டலாம்.

1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் இவ்வொளியை வீடுதோறும் கொண்டுசென்றது. குரோமோலித்தோ முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரு முகத்தின் ஒளிப்படிகள் பல கற்களில் இட்ட நுண்புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, தாளில் மீண்டும் ஒன்றுசேரும். வெளிர்மேனியின் ஒளிப்படிகளை இம்முறை எளிதில் தாங்கியது. அடர்நிறத்தின் நுண்படிகளோ மையும் மையும் கலந்து ஒன்றாகிவிடும் இயல்புடையவை. தெய்வங்களின் மேனி அச்சுப்படங்களில் வெளிறியதற்கு விருப்பமும் சந்தையும் காரணங்கள் என்றால், கருவியின் இந்த எல்லையும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அப்படங்களை வாங்கிய குடும்பங்கள் அவற்றை அப்படியே மாட்டி வைக்கவில்லை என்பது சுவையான செய்தி. பலர் சேலைக்கரையில் ஜரிகை தைத்தனர், மணிகள் கோத்தனர், சமிக்கிகள் ஒட்டினர். வரையப்பட்ட வெளிச்சம் அவர்களுக்குப் போதவில்லை. விழும் ஒளியின் மீது பொருளின் ஒளியை ஏற்றி, ரவி வர்மாவையும் தஞ்சாவூரையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தனர். மறுபுறம், அபனீந்திரநாத் தாகூரும் வங்காளப் பள்ளியினரும் இந்தப் பளபளப்பையே மறுத்தனர். வண்ணம் தீட்டிய தாளை மீண்டும் மீண்டும் நீரில் நனைத்து, எங்கும் கூர்மையான ஹைலைட் இல்லாத மூடுபனி ஒளியை அவர்கள் உருவாக்கினர். ஆக, ஒரு கன்னத்தில் வெண்புள்ளி வைப்பதா வேண்டாமா என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசிய அடையாளம் பற்றிய விவாதத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

4. தெளிப்பானும் தட்டை வண்ணமும்

நாட்காட்டிப் படங்களின் காலத்தில் ஒளி மென்மையானது. பம்பாயில் ரகுவீர் முல்காவ்கர் ஸ்ப்ரே தெளிப்பானைக் கையாண்டு, தூரிகைத் தடமே தெரியாமல் மேனிகளை வழுவழுப்பாக்கினார். எஸ்.எம்.பண்டிட் திரைப்பட விளம்பரங்களின் நாடகத்தன்மை கொண்ட வெளிச்சத்தைப் புராண உருவங்களுக்குக் கொணர்ந்தார். கோவில்பட்டியில் சி.கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் நாடகத் திரைச்சீலைகளில் பழகிய கைகளோடு தெய்வ உருவங்களைத் தீட்டினர்; சிவகாசியின் ஆப்செட் எந்திரங்கள் அவற்றை நாடெங்கும் பரப்பின. தலைக்குப் பின்னே கதிர்வட்டம், கன்னத்தில் மென்சிவப்பு, மேனியெங்கும் பரவிய வெண்ணொளி என்ற சேர்க்கை அப்போதுதான் நிலைபெற்றது. கண்ணனின் கருமை அதில் வெளிர்நீலமாகியது. இன்றைய வரைமென்பொருள்களில் ‘ஏர்பிரஷ்’ என்ற பெயரில் இருக்கும் மென்தூரிகை அத்தெளிப்பானின் வழித்தோன்றல்தான்.

சித்திரக்கதைகளில் நிலைமை வேறு. 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையின் தொடக்க இதழ்கள், செலவைக் கருதி, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய சில நிறங்களைக் கொண்டே அச்சாயின. நான்கு வண்ண அச்சுக்கு மாறிய பின்னரும் வண்ணம் பெரும்பாலும் தட்டையாகவே நின்றது. மேனிக்கு ஒரு நிறம், கோட்டுக்குள் அதே நிறம், அவ்வளவே. ஒளிக்கு இடமில்லாத இடத்தில் நிறம் குறியீடாக மாறிவிடுகிறது. வீரனுக்கு வெளிர்நிறம், அவதாரத்துக்கு நீலம், அசுரனுக்குக் கரும்பழுப்பு என்ற பங்கீட்டைப் பிற்கால ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்துள்ளனர். ஒரு தொழில்நுட்பச் செய்தியை அவ்விமர்சனத்தோடு சேர்க்க வேண்டும். தட்டை வண்ணத்தில் கரியமேனியின் மேடுபள்ளத்தைக் காட்ட வழியே இருக்கவில்லை. அசுரனின் முகம் ஓர் அடர்ந்த பரப்பாகவும், நாயகனின் முகம் கோடுகளால் துலங்கும் முகமாகவும் அமைந்ததற்கு, கறுப்புக் கோடு வெளிர்நிறத்தின் மீதே தெளிவாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

5. ஒளியைக் கணக்கிட்டவர்கள்

கணினி இந்நிலையை மாற்றியது. அதன் வேர்கள் ஓவியக்கூடத்துக்கு வெளியே உள்ளன. ஒரு பரப்பின் மீது ஒளி சாய்ந்து விழும் கோணத்துக்கேற்ப அதன் வெளிச்சம் குறையும் என்பதை யோகான் லாம்பெர்ட் 1760-இல் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தார். ஹனோயில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த புய் துவாங் ஃபோங், 1973-இல் முடித்த முனைவர் ஆய்வில் ஒளியை மூன்றாகப் பிரித்தார்: எங்கும் பரவிநிற்கும் ஒளி, பரப்பில் பட்டுச் சிதறும் ஒளி, கண்ணாடிபோல் தெறித்து மின்னும் ஒளி. 1975-இல் அவ்வாய்வு கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் இளம் வயதிலேயே மறைந்தார். தட்டை வண்ணம், நிழல், ஹைலைட் என்று இன்று வண்ணக்கலைஞர்கள் வகுத்துக்கொள்ளும் படிநிலை, அவர் பெயரை அறியாமலேயே, அந்தப் பகுப்பை ஒத்திருக்கிறது.

ஒரு படத்தின் மீது மற்றொரு படத்தை எவ்வாறு அடுக்குவது என்பதற்கான கணக்கை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் முறைப்படுத்தினர். 1990-இல் வெளிவந்த போட்டோஷாப், 1994-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் லேயர் வசதியைப் பெற்றது. அதிலுள்ள ‘டாட்ஜ்’ என்ற சொல் இருட்டறையிலிருந்து வந்தது. புகைப்படம் பிரதியெடுக்கும்போது தாளின் ஒரு பகுதிக்குச் செல்லும் வெளிச்சத்தைக் குச்சிமுனையில் ஒட்டிய அட்டையால் சற்றுநேரம் மறைத்தால், அப்பகுதி வெளிறிவரும். அந்தக் குச்சியும் அட்டையும் இன்றும் அக்கருவியின் சின்னமாகத் திரையில் நிற்கின்றன.

ஜப்பானிய அசைவூட்டக் கூடங்களும் இதில் பங்களித்தன. கறுப்பு அட்டையில் துளையிட்டு, அடியிலிருந்து விளக்கெரித்து, அதே படச்சுருளில் இரண்டாம் முறை பதிவுசெய்து வாளுக்கும் மின்னலுக்கும் ஒளியூட்டினர். இன்று ‘க்ளோ’ என்ற பெயர்தாங்கிய கலப்பு முறைகள் தரும் விளைவு அந்தத் துளைவிளக்கின் விளைவை நினைவூட்டுவது. தலைமுடியில் வளையமாக ஓடும் மினுக்கமும் அந்நாட்டு மரபிலிருந்தே உலகெங்கும் பரவியது.

6. இந்தியக் கூடங்களில்

2006-இல் தொடங்கிய விர்ஜின் காமிக்ஸ் நிறுவனம் பெங்களூரில் ஓவியக்கூடம் அமைத்தது. ‘தேவி’, ‘ராமாயண் 3392 ஏ.டி.’ முதலிய தொடர்களில் ஜீவன் காங், முகேஷ் சிங், அபிஷேக் சிங் போன்ற கலைஞர்கள் புராண உருவங்களைக் கணினி ஒளியில் மறுபடைப்புச் செய்தனர். 2008-இல் அந்நிறுவனம் லிக்விட் காமிக்ஸ் என்று பெயர் மாறியது. தட்டை வண்ணத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு அப்பக்கங்கள் வேறோர் உலகமாகத் தோன்றின. கவசத்தின் விளிம்பில் நெருப்பொளி, மேனியின் மறுபுறத்தில் நிலவொளி, விழிக்குள் சுடர் என மூன்று நான்கு ஒளிமூலங்கள் ஓருருவத்தில் கூடின. அங்கே அணிகலன்கள் தஞ்சாவூரை நினைவூட்ட, முகங்கள் ரவி வர்மாவையும் நாட்காட்டியையும் நினைவூட்டின.

இதே காலத்தில் கறுப்புவெள்ளைத் திரைப்படங்களுக்கு வண்ணமேற்றும் பணியும் நடந்தது. 1960-இல் வெளிவந்த ‘முகல்-ஏ-ஆசம்’ 2004-இலும், 1957-இல் வெளிவந்த தெலுங்கு ‘மாயாபஜார்’ 2010-இலும் வண்ணமூட்டப்பட்டுத் திரைக்கு மீண்டன. சித்திர வண்ணக்கலைஞரின் வேலைக்கு நேர்மாறானது இது. ‘மாயாபஜாரில்’ ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி அமைத்த ஒளி ஏற்கெனவே ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. சாம்பல் படிகளாகப் பதிவாகியிருந்த அவ்வொளியின் மீது நிறம் மட்டுமே சேர்க்கப்பட வேண்டியிருந்தது. ஒளிப்படிகள் சரியாக அமைந்துவிட்டால் எந்த நிறத்து மேனியும் முழுமையாகத் துலங்கும் என்பதை இப்பணி காட்டுகிறது. துலக்கம் வேறு, வெண்மை வேறு.

7. இரண்டு கணக்குகள்

இந்த வேறுபாடு கணினியில் எவ்வாறு தவறவிடப்படுகிறது என்பதை எண்களால் காட்டலாம். கரும்பழுப்பு மேனி ஒன்றின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் முறையே 0.40, 0.25, 0.15 எனக் கொள்க. 0 என்பது முழு இருள். 1 என்பது முழு ஒளி. இம்மேனியின் மீது 0.50 அளவுள்ள சாம்பல் ஒளியை ‘ஸ்கிரீன்’ முறையில் ஏற்றினால், மதிப்புகள் 0.70, 0.625, 0.575 என்றாகும். மூன்றும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன; அதாவது மேனி சாம்பல் பூத்துவிட்டது. அதே ஒளியை ‘கலர் டாட்ஜ்’ முறையில் ஏற்றினால் 0.80, 0.50, 0.30 என்றாகும். வெளிச்சம் இரட்டித்தது, ஆனால் 8:5:3 என்ற விகிதம் மாறவில்லை. மேனி பழுப்பாகவே ஒளிர்கிறது.

முதல் கணக்கு மேனியின் மீது வெண்படலம் போர்த்துகிறது. இரண்டாம் கணக்கு மேனிக்கே கூடுதல் வெளிச்சம் தருகிறது. வெளிர்மேனியில் முதல் கணக்கின் தீங்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கே மூன்று மதிப்புகளும் ஏற்கெனவே உயர்ந்து, ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும். வெளிர்மேனியை மாதிரியாகக் கொண்டு வகுத்த ஒரு செய்முறையைக் கருமேனிக்கும் அப்படியே கடத்தும்போதுதான் கோளாறு வெளிப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனத்தின் வண்ணப்பட அச்சுக்கூடங்கள் வெள்ளைநிறப் பெண்ணின் படமுள்ள ‘ஷெர்லி’ அட்டையை மேனிநிற அளவுகோலாகக் கொண்டதும், அதனால் கருமேனியரின் படங்கள் துலக்கமிழந்ததும் ஊடக ஆய்வில் நன்கறியப்பட்ட செய்தி. கருவி ஓரவஞ்சனை செய்வதற்கு எவரும் தீய எண்ணம் கொண்டிருக்க வேண்டியதில்லை; அளவுகோலில் ஒரு மேனி மட்டுமே இருந்தால் போதும்.

இயற்பியலும் இங்கு துணைநிற்கிறது. மேனியிலிருந்து இருவகை ஒளி திரும்புகிறது. தோலுக்குள் புகுந்து, மெலனினால் நிறமேறிச் சிதறி வருவது ஒன்று. புறப்பரப்பிலிருந்தும் அதன் எண்ணெய்ப் படலத்திலிருந்தும் நேரே தெறிப்பது மற்றொன்று. முன்னது மேனிக்கு மேனி வேறுபடும். பின்னது, நேர்கோணத்தில் விழும் ஒளியில் ஏறத்தாழ 3 விழுக்காடு என்ற அளவில், எல்லா மேனிக்கும் பெரும்பாலும் ஒன்றே. அதற்கு மேனியின் நிறமில்லை, விளக்கின் நிறமே உண்டு. சுற்றியுள்ள பரப்பு கறுத்திருப்பதால் அத்தெறிப்பு கருமேனியில் கூடுதல் எடுப்பாகத் தெரிகிறது. கன்ன எலும்பு, தோள்முனை, முழங்கை ஆகியவற்றின் வடிவைக் கருமேனியில் கண் அறிவது பெரிதும் அம்மினுக்கத்தின் வழியே. ஆகவே பரந்த வெளிச்சத்துக்கு விகிதம் காக்கும் கணக்கும், கூரிய மினுக்கத்துக்கு விளக்கின் நிறம்கொண்ட சிறுகீற்றும் பொருந்தும். அணிகலனுக்கு இவ்விதி மாறும். பொன்னிலிருந்து தெறிக்கும் ஒளி பொன்னிறம் பெறுவதால், கிரீடத்தில் தூய வெண்புள்ளியை இட்டால் அது பிளாஸ்டிக்போலத் தோன்றும். உண்மைப் பொன்ரேக்கை ஒட்டிய தஞ்சாவூர்க் கலைஞருக்கு இக்கவலை இருந்திருக்காது.

8. மினுக்கமும் வெண்மையும்

பொன்னிறம், பளபளப்பு, ஒளி ஆகிய சொற்கள் இந்தியச் சமூகத்தில் வெண்மைக்கான மங்கலச் சொற்களாகப் பழகிவிட்டன. 1975-இல் சந்தைக்கு வந்த ஒரு புகழ்பெற்ற முகப்பூச்சு, 2020-இல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கி, ‘க்ளோ’ என்ற சொல்லை வைத்துக்கொண்டது. வெண்மை என்று சொல்ல முடியாத இடத்தில் மினுக்கம் என்று சொல்லப்படுகிறது. வண்ணக்கலைஞரின் இறுதி லேயருக்கும் இதே பெயர் இருப்பது தற்செயல்தான். ஆனால் அந்த லேயரில் நடப்பது பலவேளைகளில் தற்செயலன்று. அவ்வாறன்றி, 2017-இல் சென்னையில் கருமேனி மாந்தரைத் தெய்வ உருவங்களாகக் காட்டிய ‘டார்க் இஸ் டிவைன்’ புகைப்படத் தொடர், கறுப்பைக் குறைக்காமலே தெய்வ ஒளியைக் காட்ட முடியும் என்பதை நிறுவியது. அது விவாதத்துக்குள்ளானதும் உண்மை. பழகிய ஒளி மாறும்போது பார்ப்பவர் தடுமாறுவது இயல்பே.

கலைவரலாற்று மாணவர்கள் கணினி ஓவியத்தைப் பெரும்பாலும் கதை, பாத்திரம், பிரதிநிதித்துவம் என்ற அளவில் ஆராய்கின்றனர். யார் வரையப்பட்டார் என்ற வினாவோடு, அவர் மீது ஒளி எக்கணக்கில் ஏற்றப்பட்டது என்ற வினாவும் ஆய்வுக்குரியது. அஜந்தாவின் சுவரையும் ரவி வர்மாவின் அச்சுக்கல்லையும் ஆராயும்போது வண்ணப்பொருளையும் கருவியையும் கவனிப்பது வழக்கம். லேயரும் கலப்பு முறையும் அதே தகுதியுடைய சான்றுகள். படக்கோப்பு லேயர்களோடு பாதுகாக்கப்பட்டால் கலைஞரின் முடிவுகள் ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்கலாம். தட்டையாக்கிய ஒற்றைப் படம் மட்டும் எஞ்சினால் அவ்வாய்ப்பு இல்லாமற் போகும். சித்திரக்கதை நிறுவனங்களும் கலைஞர்களும் மூலக் கோப்புகளைப் பேணுவது எதிர்கால ஆய்வுக்கு இன்றியமையாதது.

கண்ணன் உருவத்தின் மேல் இறுதி லேயர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் மென்தூரிகையால் வெண்ணொளியைப் பரப்பினால் நாட்காட்டியின் வெளிர்நீலக் கண்ணன் வருவான். விகிதம் காக்கும் கணக்கில் வெளிச்சம் கூட்டி, கன்ன எலும்பிலும் தோள்முனையிலும் விளக்கின் நிறத்தில் சிறுகீற்றுகளை மட்டும் வைத்தால் கார்முகில்வண்ணன் கரியவனாகவே ஒளிர்வான். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றே.